பைல் தலை உடைத்தலும் தொழிலாளர் பாதுகாப்பும்: சில குறிப்புகள்

அடுக்குமாடிக் கட்டடங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவற்றின் உயரத்தைக் கொண்டே அவற்றை அளவிடுவர். ஆயின் கொழும்பு போன்றதொரு நகரிலே மேலெழும் பெருங்கட்டடம் முதலிற் கீழ்நோக்கியே வளர்கிறது. நகரின் பல பகுதிகளிற் சதுப்பு மண்ணும், மக்கிய தாவரப் படிவும், செம்பூரான் கல்லும் மேற்படையாக அமைந்திருப்பதால், கட்டடத்தின் சுமையை ஆழத்திலுள்ள பாறைக்குக் கடத்த வேண்டியுள்ளது. இதன்பொருட்டு நிலத்தைத் துளைத்து வார்க்கப்படும் கொங்கிறீற்றுத் தூண்களையே பொறியியலாளர் முதற் கூலியாள் வரை யாவரும் 'பைல்' என வழங்குகின்றனர். வேலைத்தளத்தில் வழங்கும் அச்சொல்லையே இக்கட்டுரையில் நாமும் கையாள்வோம். உழைப்பவர் அறியாத சொல்லைக் கொண்டு அவரது ஆபத்தை விளக்க முற்படுவதிற் பயனில்லை.

பைலை வார்த்து முடித்தபின் அதன் மேற்பகுதியை உடைத்து அகற்றும் வேலையே இங்கு எமது ஆய்வுப் பொருளாகும். இத்தகைய பொருளுக்கு இவ்விதழில் என்ன இடமென வினவுவோர் இருத்தல் கூடும். உழைப்பை மையப் பொருளாகக் கொண்ட இலக்கியத்தை முப்பது நாற்பது ஆண்டுகளாக விதந்து பேசிவந்தவர்கள் நாம். சம்மட்டி ஏந்திய கரம் எமது கவிதைகளிலே பலமுறை உயர்ந்துள்ளது. அக்கரத்தின் விரல்கள் எத்தனை ஆண்டுகளில் உணர்விழக்கும் என்ற வினாவை நாம் வாசித்தவரையில் எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. உழைப்பின் மாண்பைப் பாடுவது எளிது. உழைப்பின் வழிமுறையை அறிந்துகொள்வது அத்துணை எளிதன்று.

கட்டி முடித்த ஒன்றை ஏன் உடைக்கவேண்டும் என்பது முதலில் விளக்கப்படவேண்டும். துளையிட்டு வார்க்கும் பைலில், துளையின் சுவர் இடிந்து விழாதிருக்கும்பொருட்டுப் பென்ரனைற்று எனும் களிமண் கரைசலால் துளை நிரப்பப்படுவது வழக்கம். பின்னர் நீண்ட குழாயொன்றின் வழியே கொங்கிறீற்று அடியிலிருந்து ஊற்றப்படுகிறது. அது கரைசலை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு எழும்போது, முன்னணியிற் செல்லும் கொங்கிறீற்றுச் சேற்றுடனும் கரைசலுடனும் கலந்து வலுவிழந்துவிடுகிறது. அவ்வலுவற்ற பகுதியின்மீது கட்டடத்தை ஏற்ற முடியாது. ஆகவே வரைபடத்திற் குறிக்கப்பட்ட வெட்டுமட்டத்துக்கு மேலே அரை மீற்றரோ ஒரு மீற்றரோ, சில வேளைகளில் அதற்கும் கூடுதலாகவோ கொங்கிறீற்றை வார்த்து, அது இறுகியபின் மேற்பகுதியை உடைத்து அகற்றி, நல்ல கொங்கிறீற்று வெளிப்படும்வரை இறங்குவர். அடித்து இறக்கப்படும் முன்வார்ப்புப் பைல்களிற் காரணம் வேறு: அவை வெவ்வேறு ஆழங்களிற் சென்று தரித்து நிற்பதால் தலைகள் ஒரே மட்டத்துக்கு வருவதில்லை, சம்மட்டியின் அடியிற் சிதைவதும் உண்டு. எவ்வாறாயினும் கொங்கிறீற்றை மட்டுமே அகற்றலாம். உள்ளேயுள்ள இரும்புக் கம்பிகள் வளையாமலும் அறுபடாமலும் நிமிர்ந்து நிற்றல் வேண்டும். பைல்களின் தலைகளை ஒன்றாகப் பிணைக்கும் கொங்கிறீற்றுத் திண்டினுள் அக்கம்பிகளே புதைக்கப்பட உள்ளன.

கொங்கிறீற்றை உடைக்கவேண்டும், கம்பியை விடவேண்டும் என்ற இவ்விரட்டைத் தேவையிலிருந்தே வேலையின் ஆபத்து முளைக்கிறது. ஒன்றோடொன்று இறுகப் பற்றிக்கொள்ளும்படி திட்டமிட்டு இணைக்கப்பட்ட இரு பொருள்களைப் பின்னர் ஒரு மனிதர் தம் கைகளாற் பிரித்தெடுக்க வேண்டியுள்ளது. வழக்கமான முறை பலரும் அறிந்ததே. பைலைச் சுற்றிக் குழி தோண்டுவர். கொம்பிறெசரிலிருந்து வரும் காற்றால் இயங்கும் பிறேக்கரை ஏந்திய தொழிலாளர், அக்குழியினுள்ளோ பைலின் தலைமீதோ, நிமிர்ந்து நிற்கும் கம்பிகளுக்கு நடுவே நின்று மணிக்கணக்கில் உடைப்பார்.

கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகளை முதலிற் கூறுவோம். உடைபடும் கொங்கிறீற்றின் எடையைப் பலர் குறைத்தே மதிப்பிடுகின்றனர். 900 மில்லிமீற்றர் விட்டமுள்ள பைலின் ஒரு மீற்றர் உயரமான தலை ஏறத்தாழ ஒன்றரைத் தொன் எடையுடையது. வேலையை விரைவில் முடிக்கும் நோக்குடன் மேலிருந்து படிப்படியாக இறங்காமல் அடிப்பகுதியைச் சுற்றிவரக் குடைந்தால், அவ்வொன்றரைத் தொன்னும் எத்திசையிற் சாயும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்லவியலாது. நிமிர்ந்த கம்பிகள் மற்றுமோர் ஆபத்து. அவற்றின் முனைகளிற் செருகப்படும் சிறு பிளாஸ்ரிக் மூடிகள் கீறலையும் கண் காயத்தையும் ஓரளவு தடுக்குமேயன்றி, உயரத்திலிருந்து கம்பிமீது விழுபவரைக் காப்பாற்ற மாட்டா. அதற்கு உருக்குத் தகடு பொருத்திய மூடிகள் அல்லது கம்பிகளுக்கு மேலே பலகைத்தளம் வேண்டும். தாங்குபலகை இன்றித் தோண்டப்பட்ட குழியின் பக்கச் சுவர், அருகே நிற்கும் இயந்திரத்தின் பாரத்தாலும் பிறேக்கரின் அதிர்வாலும் சரியலாம். கழன்ற காற்றுக்குழாய் சாட்டையைப் போலச் சுழன்று அடிக்கலாம். இவையனைத்தையும் விட எளிதாக மறக்கப்படுவது வெறுந்துளை ஆகும். வெட்டுமட்டம் நிலமட்டத்துக்குப் பல மீற்றர் கீழே இருக்குமிடத்து, வார்த்த கொங்கிறீற்றுக்கு மேலே துளை வெறுமையாகவே எஞ்சும். அதனை மண்ணால் நிரப்பாமலோ வலுவான மூடியால் மூடாமலோ விட்டால், ஒரு மனிதர் முழுதாக விழுந்து மறையப் போதுமான கிணறு அங்கு திறந்தே கிடக்கும்.

இவை விபத்துகள். விபத்து நிகழ்ந்தால் ஒரு நாளும் ஒரு நேரமும் ஒரு சாட்சியும் உண்டு. பைல் தலை உடைப்போரின் உடலில் நிகழும் பெருங்கேடுகளுக்கு இம்மூன்றும் இல்லை என்பதே இங்கு முக்கியமாக மனங்கொள்ளத்தக்கது.

அதிர்வை எடுத்துக்கொள்வோம். காற்றுக் கருவிகளைக் கையாளுவோரின் விரல்கள் மரத்து வெளுப்பதை இத்தாலிய மருத்துவர் லொரிகா 1911 இல் எடுத்துரைத்தார். 1918 இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துப் பெட்ஃபோர்ட் நகரில் சுண்ணக்கல் செதுக்குவோரை ஆராய்ந்த அலிஸ் ஹமில்ற்றன் என்ற மருத்துவ அறிஞர், குளிர்காலக் காலைகளில் அவர்களது விரல்கள் இரத்தவோட்டமற்று இறந்தவை போலாவதைப் பதிவுசெய்தார். தொழிற்பிணியாக இதனை ஏற்றுக்கொள்வதற்குப் பிரித்தானிய அரசுக்கு 1985 வரை காலம் தேவைப்பட்டது. அங்கு 2005 ஆம் ஆண்டு விதிகள் இரு எல்லைகளை வகுத்துள்ளன. எட்டு மணி நேரச் சராசரியாகக் கையில் உணரப்படும் அதிர்வு, செக்கன் வர்க்கத்துக்கு 2.5 மீற்றரை அடைந்தால் வேலைகொள்வோர் நடவடிக்கை எடுத்தல் வேண்டும். 5 மீற்றரை ஒருபோதும் தாண்டுதலாகாது. இவ்வெண்கள் வெறும் எண்களாகத் தோன்றலாம். நேரமாக மாற்றிப் பார்த்தால் அவற்றின் பொருள் புலனாகும். 12 மீற்றர் அளவில் அதிரும் பிறேக்கரை 21 நிமிடம் இயக்கினாலே முதல் எல்லை வந்துவிடுகிறது. 1 மணி 23 நிமிடத்தில் இரண்டாம் எல்லையும் வந்துவிடுகிறது. தேய்ந்த உளியும் பராமரிப்பற்ற பிடியும் கொண்டு 20 மீற்றர் அளவில் அதிரும் கருவியாயின், அரை மணி நேரத்தில் அன்றைய வேலை முடிந்துவிடவேண்டும். ஒரு நாள் முழுவதும் பிறேக்கரோடு நிற்பவரின் நிலையை வாசகரே கணித்துக்கொள்ளலாம். இடையே பிரஞ்ஞையின்றிக் கைமாற்றும் ஓய்வுகளைக் கழித்துவிட்டாலும் கணக்கு பெரிதும் மாறாது.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சற்று அழுத்திக் கூற விரும்புகிறோம். விரல் வெளுத்தல் குளிரினால் தூண்டப்படுவது. குளிர்நாட்டு மருத்துவர் அந்நோய்க்கு 'வெள்ளை விரல்' என்றே பெயரிட்டனர். எமது நாட்டைப் போன்ற வெப்ப நாடுகளில் வெளுப்பு அரிதாகவே தென்படும். ஆயின் நரம்புச் சேதம் தட்பவெப்பத்தைப் பார்ப்பதில்லை. விரல் நுனிகளில் ஊர்தல், மரத்தல், இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி, பிடி தளர்தல் ஆகியன இங்கும் நேர்வனவே. கொழும்பின் தளமொன்றில் நாம் உரையாடிய தொழிலாளர் ஒருவர், காலையில் சேட்டுப் பொத்தானைப் பூட்டுவதற்குத் தம் மகளின் உதவியை நாடவேண்டியிருப்பதைச் சிரித்தபடியே கூறினார். வயதின் குறை என்பதே அவரது விளக்கம். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. பெயரிலேயே குளிர்நாட்டை ஏற்றிக்கொண்ட ஒரு நோயை அவர் தம் கையில் எவ்வாறு இனங்காண்பார்?

தூசி பற்றிய செய்தி இதனிலும் பழையது. கொங்கிறீற்றிலுள்ள மணலிலும் சல்லியிலும் சிலிக்கா உண்டு. பிரித்தானியத் தொழிற்பாதுகாப்பு அதிகாரிகள் கொங்கிறீற்றில் 25 முதல் 70 சதவீதம் வரை படிகச் சிலிக்கா இருக்கலாமெனக் கூறுகின்றனர். உடைக்கும்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியும் பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகளே நுரையீரலின் அடிவரை சென்று தழும்பை உண்டாக்கும். அத்தழும்பு ஆறுவதில்லை. 1997 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வேலைத்தளங்களிற் சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்காவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதற் பிரிவிற் சேர்த்தது. பிரித்தானியாவில் அனுமதிக்கப்படும் எல்லை ஒரு கனமீற்றர் காற்றுக்கு 0.1 மில்லிகிராம்; ஐக்கிய அமெரிக்கா 2016 இல் வகுத்த விதியில் அதன் அரைப்பங்கு. ஒரு வேலைநாளிற் சுமார் பத்துக் கனமீற்றர் காற்றை ஒருவர் சுவாசிக்கிறார் எனக் கொண்டால், நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமே பிரித்தானிய எல்லையாகிறது. நகக்கண்ணில் ஒட்டும் தூசி அதனிலும் கூடுதலாயிருக்கும்.

நீரால் நனைத்தபடி உடைத்தால் தூசி வெகுவாகத் தணியும் என்பது புதிய கண்டுபிடிப்பன்று. 1845 இல் வெளிவந்த 'இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலை' என்ற நூலில் எங்கெல்ஸ், ஷெஃபீல்ட் நகரிற் கத்தி தீட்டுவோரைப் பற்றி எழுதியுள்ளார். உலர்ந்த கல்லிற் தீட்டுவோரின் சராசரி ஆயுள் முப்பத்தைந்தை எட்டுவதே அரிது எனவும், ஈரக்கல்லிற் தீட்டுவோர் நாற்பத்தைந்தைத் தாண்டுவது அரிது எனவும் ஒரு மருத்துவரின் கூற்றை ஆதாரமாகக் கொண்டு அவர் குறிப்பிடுகிறார். ஒரு வாளி நீரின் பெறுமதி பத்து ஆண்டு உயிர். அவர் கூறும் இன்னொரு செய்தி எமக்கு மேலும் முக்கியமானது. தூசியைத் தடுக்கும் சாதனங்களைத் தொழிலாளரே விரும்பவில்லை. சிற்சில இடங்களில் உடைத்தும் எறிந்தனர். தொழில் பாதுகாப்பானதாக மாறினால் அதற்குப் பலர் போட்டியிட்டு வருவர், கூலி விழும் என்று அவர்கள் அஞ்சினர்.

இன்று எமது தளங்களில் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலைசெய்வோரைப் பொறுப்பாளர்கள் 'அறியாமை' என்ற ஒரே சொல்லால் விளக்கிவிடுகின்றனர். வாயையும் மூக்கையும் சுற்றிக் கட்டிய துணி நுண்துகளைத் தடுக்காது என்பதைத் தொழிலாளர் பலர் அறியார் என்பது உண்மையே. எஃப்எஃப்பி3 தர முகமூடி வேண்டும், அதுவும் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தவேண்டும், தாடியிருந்தாற் பொருந்தாது. ஆயின் உடைத்த பைலின் எண்ணிக்கைக்கேற்பக் கூலி கணக்கிடப்படுமிடத்து, மூச்சைத் தடைசெய்யும் முகமூடியும், ஒவ்வொரு இருபது நிமிடத்துக்கும் கருவியை இன்னொருவரிடம் கொடுக்கும் ஒழுங்கும் நேரடியாகவே அன்றைய வருமானத்தைக் குறைக்கின்றன. ஷெஃபீல்டுத் தொழிலாளர் செய்த கணக்கும் இவர்கள் செய்யும் கணக்கும் ஒன்றே. அதனை அறியாமை எனல் பொருந்தாது.

ஓசையைப் பற்றி நீளக் கூறவேண்டியதில்லை. பிறேக்கர் இயக்குவோரின் காதில் நூறு டெசிபெலுக்கு மேற்பட்ட ஓசை விழுவது வழமை. 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் வேலைசெய்வதால் ஏற்படும் பாதிப்பை 100 டெசிபெல் பதினைந்து நிமிடத்திலேயே ஏற்படுத்திவிடும். காதடைப்பான் அணிந்தவருக்கோ பின்னால் வரும் இயந்திரத்தின் எச்சரிக்கை கேட்பதில்லை. ஒரு பாதுகாப்பு இன்னொரு ஆபத்தைத் தோற்றுவிக்கும் இத்தகைய முரண், ஆபத்தை அதன் மூலத்தில் நீக்காமல் உடலின்மீது கவசமாக ஏற்றும் எல்லா ஏற்பாடுகளிலும் காணப்படுவதே.

மூலத்தில் நீக்குதல் இயலுமா? இயலும், அதற்கான வழிகள் பல்லாண்டுகளாகவே வழக்கில் உள்ளன. எலியட் முறை எனப்படும் ஒன்றை எடுத்துக்காட்டலாம். கம்பிக்கூட்டைத் துளையினுள் இறக்குமுன், வெட்டுமட்டத்துக்கு மேலுள்ள ஒவ்வொரு கம்பியின்மீதும் மென்மையான நுரையுறை போர்த்தப்படுகிறது. இதனால் அப்பகுதியிற் கொங்கிறீற்று கம்பியைப் பற்றிக்கொள்வதில்லை. கொங்கிறீற்று இறுகியபின் வெட்டுமட்டத்திற் பக்கவாட்டாகத் துளையிட்டு, நீரியல் அழுத்தத்தால் விரியும் கருவியொன்றை உட்செலுத்தி விரித்தால், பைல் அம்மட்டத்தில் குறுக்காக வெடிக்கிறது. பின்னர் கிறேன் அத்தலையை முழுதாகவே, தொப்பியைக் கழற்றுவது போலக் கம்பிகளிலிருந்து உருவியெடுக்கிறது. விரிவடையும் இரசாயனக் கலவையை முன்கூட்டியே பதித்த குழாய்களில் ஊற்றி அதே வெடிப்பை உண்டாக்கும் முறையும் உண்டு. இவற்றில் ஒரு மனிதர் பிறேக்கரோடு நிற்கும் நேரம் மிகச் சிறிதாகிவிடுகிறது. நுரையுறை இடப்படாத பைல்களுக்கு, தோண்டும் இயந்திரத்திலிருந்து தொங்கவிட்டுப் பைலைச் சுற்றிவரப் பற்றி நெரிக்கும் நீரியல் உடைப்பான்கள் உள்ளன. அவை சிறுசிறு உயரங்களாக உடைத்து இறங்குவன.

இயந்திரத்தைக் கண்டவுடன் ஆபத்து ஒழிந்ததென மயங்குதல் கூடாது. ஒன்றரைத் தொன் தலையைத் தூக்கும்போது அதன் கீழும் அருகும் எவரும் நிற்கலாகாது. தூக்குமுன் வெடிப்பு முழுமையாக ஊடுருவியுள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். இல்லையேல் கிறேன் பைலையே பிடுங்க முயன்று கவிழலாம். உடைப்பான் கம்பிகளை வளைத்துவிடுவதும் உண்டு. இறுதியில் எஞ்சும் சிறு பகுதியை எப்படியும் கையாலேயே சீர்செய்யவேண்டியிருக்கும். அதற்கும் பாரங்குறைந்த கருவி, கூரிய உளி, நீர், முகமூடி, ஆள்மாற்று ஒழுங்கு, நிற்பதற்குச் சமதளமான மேடை ஆகியன வேண்டும். எனினும் ஒரு நாள் முழுவதும் உடைப்பதற்கும் அரை மணி நேரம் சீர்செய்வதற்கும் இடையிலுள்ள வேறுபாடு, முன்னர்க் கூறிய அதிர்வுக் கணக்கின்படி, ஒரு கையை இழத்தலுக்கும் காத்தலுக்கும் இடையிலுள்ள வேறுபாடாகும்.

அங்ஙனமாயின் எளிய நுரையுறை ஏன் எங்கும் இடப்படுவதில்லை? இவ்வினாவுக்கு விடை தேடும்போதே பொறியியல் அரசியற்பொருளாதாரமாக மாறுகிறது. உறை இடப்படவேண்டியது கொங்கிறீற்று ஊற்றப்படுமுன். அதன் பயன் தெரிவது பல வாரங்களின் பின். முன்னதைச் செய்பவர் பைல் வார்க்கும் ஒப்பந்தகாரர். அவர் தமது இயந்திரங்களுடன் அகன்ற பின்னரே, தலை உடைக்கும் வேலை பெரும்பாலும் வேறொரு உபஒப்பந்தகாரரிடம் செல்கிறது. அவர் அதனை ஒரு பாஸிடம் கொடுக்க, பாஸ் நாட்கூலிக்கு ஆள் பிடிக்கிறார். உறைக்குச் செலவிடுபவர் ஒருவர், உறையால் நன்மை பெறுபவர் இன்னொருவர். ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில் நியாயமாகவே நடந்துகொள்ளும் இவ்வொழுங்கில், செலவு படிப்படியாக இறங்கிச் சென்று, அதனை வேறெவர்மீதும் இறக்கிவைக்க இயலாத கடைசி மனிதரின் விரல்களிலும் நுரையீரலிலும் வந்து தங்குகிறது. எங்கெல்ஸ் 1894 இல் வெளியிட்ட 'மூலதனம்' மூன்றாம் தொகுதியின் ஐந்தாம் அத்தியாயத்தில் மார்க்ஸ் ஆராயும் பொருள் இதுவே. கட்டடம், காற்றோட்டம், பாதுகாப்புச் சாதனம் முதலியவற்றிற் செய்யப்படும் சிக்கனம், தொழிலாளியின் உயிரையும் உடலையும் வீணடிப்பதன் மறுபக்கமே என்பதை அவர் அங்கு சுரங்கங்களையும் ஆலைகளையும் கொண்டு நிறுவுகிறார். உபஒப்பந்தச் சங்கிலியை அவர் இவ்வடிவிற் கண்டிருக்கவில்லை. கண்டிருப்பின், சிக்கனத்தால் இலாபமடைபவர் விரயமாகும் உடலைப் பார்க்கவே தேவையில்லாதபடி அமைந்த ஏற்பாடு என்று இதனை வேறாகப் பிரித்து ஆராய்ந்திருப்பார் என எண்ண இடமுண்டு.

எமது நாட்டுச் சட்டங்களும் இச்சங்கிலிக்கு முற்பட்டவை. 1934 ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டமும் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டமும் திருத்தங்களுடன் நிலவிவருகின்றன. நிலையான ஆலை, நிலையான முதலாளி, நிலையான தொழிலாளி என்ற மாதிரியே அவற்றின் அடித்தளம். மலையகத்திலிருந்து கொழும்புக்கு வந்து, மூன்று மாதம் ஒரு தளத்திலும் இரண்டு மாதம் இன்னொரு தளத்திலும் உடைத்துவிட்டு ஊர் திரும்பும் இளைஞரின் நுரையீரலிற் பதினைந்து ஆண்டுகளின் பின் தோன்றும் தழும்புக்கு எந்தத் தளம் பொறுப்பு என்பதை நிறுவ அவரிடம் என்ன சான்று இருக்கும்? 2009 ஆம் ஆண்டின் சட்டத்தால் தொழிற்பாதுகாப்புக்கெனத் தேசிய நிறுவகமொன்று அமைக்கப்பட்டமையும், பாதுகாப்பான வேலைச்சூழலைச் சர்வதேசத் தொழில் தாபனம் 2022 இல் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தமையும் வரவேற்கத்தக்கனவே. எனினும் மேற்கூறிய இளைஞருக்கு முதலில் வேண்டியது, அவர் எத்தளத்தில் எக்கருவியை எத்தனை மணி நேரம் இயக்கினார் என்று எழுதிய ஒரு தாள். நாம் சென்ற தளத்தில் அத்தகைய பதிவு எதுவும் இருக்கவில்லை. எச்சரிக்கைப் பலகை இருந்தது. உடைப்போரில் அரைவாசிப்பேர் தமிழ் பேசுவோராயிருந்தும் பலகையிற் தமிழ் இருக்கவில்லை.

தொழிற்சங்கங்களும் பொறியியல் பயிலும் எமது மாணவரும் கவனிக்கக்கூடிய ஓரிடம் உண்டு. கேள்விப்பத்திரத்தோடு இணைக்கப்படும் அளவுப் பட்டியலில், பைல் தலை அகற்றுதல் பெரும்பாலும் 'இத்தனை பைல்' என்று எண்ணிக்கையாக மட்டும் ஒரு வரியில் வரும். எவ்வழியில் அகற்றுவது என்பது ஒப்பந்தகாரரின் விருப்புக்கு விடப்படும். அவ்வரியில் முறையையும் குறித்து, கம்பியுறைக்கான விலையைப் பைல் வார்ப்பவரின் கணக்கிலேயே தனி வரியாகச் சேர்த்துவிட்டால், போட்டியிடும் எல்லா ஒப்பந்தகாரரும் அதற்கு விலை குறித்தே ஆகவேண்டும். உறையை விட்டவர் மலிவாகக் கேட்டு வெல்லும் வழி அடைபடும். அவ்வரியை எழுதுபவர் வரைபட அறையில் இருக்கிறார். கம்பிக்கூடு துளையினுள் இறங்குமுன் அவர் அதனை எழுதியிருக்கவேண்டும்.